பேட் அப்புறம், முதலில் கேட்ச்சர்

சென்னையில் ஒரு கல்லூரியில் பேஸ்பால் அணி தொடங்கலாம் என்று நாலு பேர் கேன்டீனில் பேசினால் போதும், அடுத்த வாரம் ஒருவர் கையில் பேட் இருக்கும். க்ளவுஸ் இருக்காது, பந்து இருக்காது, பேட் மட்டும் இருக்கும். அதுவும் பெரும்பாலும், காரில் பாதுகாப்புக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி ஆன்லைனில் விற்கிறார்களே, அந்த ரகம். அதை மைதானத்துக்கு எடுத்து வராதீர்கள். சரியான பந்து நாலு தடவை பட்டால் கைப்பிடிக்கு மேலே பிளந்துகொண்டு, முனை பறந்து போய் யார் மேலாவது விழும்.

புது அணி அடிக்கத் தெரியாமல் தோற்பது குறைவு. முதல் ஐந்தாறு ஆட்டங்களின் ஸ்கோர் நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எதிரணிக்குப் போன ரன்களில் பெரும்பகுதி மூன்று வழியில் போயிருக்கும்: நாலு பால் (எல்லைக்கு வெளியே போன பந்து) போட்டு, பேட்டரை இலவசமாக முதல் பேஸுக்கு அனுப்பிய வாக்; பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் பின்னால் விட்ட பந்து; பேட்டர் அடித்துவிட்டு முதலில் ஓடித் தொட வேண்டிய முதல் பேஸில் நிற்பவர் தலைக்கு மேலே பறந்த த்ரோ. மூன்றுமே எறிவதும் பிடிப்பதும்தான். ஆகவே அணி கட்டும் வரிசை இது: முதலில் கேட்ச்சர், அடுத்து ஸ்ட்ரைக் (எல்லைக்குள் போகும் பந்து) போடத் தெரிந்த மூன்று நாலு கைகள், பிறகு முதல் பேஸ், இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப். மிச்சப் பேர் தானாக வந்து சேருவார்கள்.

அதற்கு முன்னால் ஆபீஸ் வேலை கொஞ்சம் இருக்கிறது. ஆள் சேர்க்கப் போனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "ஓ.டி. கிடைக்குமா?" என்பதுதான். ஆன் ட்யூட்டி, அதாவது ஆடப் போன நாளையும் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு வைப்பது. 75 சதவீத அட்டெண்டன்ஸ் கணக்கு தலைக்கு மேல் தொங்கும்போது அது நியாயமான கேள்வி. பதில் உங்கள் கையில் இல்லை. பல்கலைக்கழகத்தின் ஆண்டு விளையாட்டு அட்டவணையில் பேஸ்பால் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. பி.டி. சாரைப் பார்க்கப் போகும்போது அந்த அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பேஸ்பால் இருந்தால் நேராகப் பேசலாம். இல்லை, அதன் உறவு ஆட்டமான சாஃப்ட்பால் மட்டும்தான் இருக்கிறது என்றால் சாஃப்ட்பால் அணி என்றே அனுமதி வாங்கி, அதன் கீழே பேஸ்பாலைப் பழகுவது புத்திசாலித்தனம். மைதானமும் கிடைக்கும், ஓ.டி.யும் கிடைக்கும்.

இன்னொன்றும் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் மாதிரி இணைப்புக் கல்லூரிகள் உள்ள இடத்தில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு உங்கள் கல்லூரி அணி அப்படியே போகாது. கல்லூரிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து ஒரே பல்கலைக்கழக அணியாக அனுப்புவார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் உங்கள் அணியே பல்கலைக்கழக அணி. எதுவானாலும் போனஃபைடு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐ.டி. கார்டு, போட்டோ ஆகியவற்றை ஆளுக்கு மூன்று செட் எடுத்து ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். வயது வரம்புக்கு மார்க் ஷீட்டில் இருக்கும் பிறந்த தேதிதான் சாட்சி. கிளம்புகிற நாள் காலையில் ஜெராக்ஸ் கடை தேடுவது எல்லா அணிக்கும் ஒரு தடவை நடக்கும்.

ஆட்களை எங்கே தேடுவது? கிரிக்கெட் செலக்ஷனில் கழித்துவிடப்பட்டவர்கள் தாமாக வருவார்கள். அவர்களை வைத்து வெளிக்களத்தை நிரப்பிவிடலாம். பேட்டருக்குப் பந்து எறியும் பிட்ச்சர் வேலைக்கு ஈட்டி எறிகிறவர்களையும் ஹேண்ட்பால் ஆடுகிறவர்களையும் பாருங்கள். 2008-ல் அமெரிக்க பேஸ்பால் அணியான பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் உத்தரப்பிரதேசத்து ஈட்டிக்காரர்கள்தான். (இப்போது சிக்ஸர் அடிக்கிறாரே, அந்த ரிங்கு சிங் வேறு.) பேஸ் திருட (யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிட), சறுக்கி விழக் கபடிக்காரர்கள் அருமை. தரையைப் பார்த்து அவர்களுக்குப் பயமே இருக்காது.

கேட்ச்சருக்கு எல்லோரும் கிரிக்கெட் விக்கெட் கீப்பரைத்தான் நினைப்பார்கள். ஹாக்கி கோல்கீப்பர் கிடைத்தால் அவரை முதலில் பிடியுங்கள். கவசம் போட்டுக்கொண்டு வேர்த்து நிற்பதும், பந்தை உடம்பால் மறிப்பதும் அவருக்குப் பழக்கம். கிரிக்கெட் கீப்பருக்குக் கை நல்லதுதான், ஆனால் ஒரு கெட்ட பழக்கம் கூடவே வரும்: இரண்டு கையையும் சேர்த்து வைத்துப் பிடிப்பார். இங்கே வலது கையில் க்ளவுஸ் கிடையாது. பேட்டின் விளிம்பில் உரசித் திசை மாறி வரும் பந்து நேராக அந்த வெறும் கட்டைவிரலில்தான் போய் முட்டும். ஆகவே முதல் நாளிலிருந்து வலது கை முதுகுக்குப் பின்னாலோ வலது கணுக்காலுக்குப் பின்னாலோ ஒளிந்திருக்க வேண்டும். பேஸில் ஆள் நிற்கும்போது மட்டும், எறியத் தயாராக, முஷ்டியை மூடி க்ளவுஸுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து மறிப்பு. தரையில் குத்தி வரும் பந்தைப் பிடிக்கப் பார்க்கக் கூடாது, நிறுத்தப் பார்க்க வேண்டும். இரண்டு முழங்காலும் ஒன்றாகத் தரைக்குப் போக வேண்டும். க்ளவுஸ் இரண்டு தொடைக்கும் நடுவே, விரல் தரையைப் பார்த்து. முகவாய் நெஞ்சில் ஒட்ட, தோள்கள் முன்பக்கம் வளைந்து, நெஞ்சு ஒரு முறம் மாதிரி குழிய வேண்டும். அப்போதுதான் பந்து நெஞ்சில் பட்டு முன்னாலேயே ஒரு மீட்டருக்குள் விழும். நெஞ்சை நிமிர்த்தினால் பக்கவாட்டில் தெறித்து ஓடும். முகத்தைத் திருப்பினால் காதுப் பக்கம் அடி வாங்கும். முதல் இரண்டு வாரம் டென்னிஸ் பந்தில், ஆறேழு மீட்டர் தூரத்திலிருந்து, நாளைக்கு 40 பந்து. கண் சிமிட்டுவது நின்ற பிறகு நிஜப் பந்து.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், மூன்றாவது ஸ்ட்ரைக் விதி. பேட்டர் மூன்றாவது ஸ்ட்ரைக்கை வீசித் தவறவிட்டார், அவுட் என்று எல்லோரும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள். பந்து கேட்ச்சர் கையில் நிற்காமல் பின்னால் உருண்டிருக்கும். முதல் பேஸில் ஆள் இல்லை என்றாலோ, ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, அந்த பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம். அவரை அவுட் ஆக்கப் பந்தோடு தொட வேண்டும், அல்லது அவருக்கு முன் பந்து முதல் பேஸுக்குப் போய்ச் சேர வேண்டும். புது அணிகள் இந்த ஒரு விதியிலேயே மூன்று ரன் கொடுத்துவிடும்.

கேட்ச்சர் செட்டில் முகக்கவசம், தொண்டைக் காப்பு, நெஞ்சுக் காப்பு, கால் காப்பு, அப்டமன் கார்டு ஐந்தும் இருக்க வேண்டும். கிரிக்கெட் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், தொண்டை திறந்தே கிடக்கும். மார்ச்சுக்கு மேல் அந்தக் கவசத்துக்குள் ஒருவரையே ஒன்பது இன்னிங்ஸும் உட்கார வைப்பது பாவம்; இரண்டாவது கேட்ச்சர் ஒருவரைப் பழக்குங்கள். மோரும் உப்பும் அவருக்குத்தான் முதலில்.

பிட்ச்சர் விஷயத்துக்கு வருவோம். கிரிக்கெட்காரருக்கு பிட்ச் தரையில் இருக்கிறது, இங்கே கையில் இருக்கிறது. முழங்கையை மடக்கி எறியலாம் என்றதும் எல்லோருக்கும் ஒரு விடுதலை. முழு வேகத்தில் எறிந்து பந்தைச் சுவரில் சாத்துவார்கள். வேகம் இப்போதைக்கு வேண்டாம். பேட்டர் பக்கத்தில் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். உயரம் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து, தோளுக்கும் பேன்ட் இடுப்புக்கும் நடுப்பகுதி வரை. அந்தச் சட்டத்தைக் கண்ணால் காட்டுங்கள்: இரண்டு கம்பு நட்டு, முழங்கால் உயரத்தில் ஒரு கயிறு, நெஞ்சுக்குக் கீழே ஒரு கயிறு, அவற்றுக்கு நடுவே மேலிருந்து கீழாக 43 செ.மீ. இடைவெளியில் இரண்டு கயிறு. பின்னால் ஒரு வலை. 14 மீட்டரில் தொடங்கி, பத்துக்கு ஆறு சட்டத்துக்குள் போனால் ஒரு மீட்டர் பின்னால் போகலாம். முழுத் தூரம் 18.44 மீட்டர். அங்கே பத்துக்கு ஆறு போடுகிறவர்தான் உங்கள் பிட்ச்சர். அவரைவிட வேகமாக எறிகிற, பத்துக்கு மூன்று போடுகிறவரை சென்டர் ஃபீல்டுக்கு அனுப்புங்கள். கோபித்துக்கொள்வார், பரவாயில்லை.

எறியப் பந்தைப் பிடிப்பது, தையல் குதிரை லாட வடிவத்தில் வளையும் இடத்தில், இரண்டு விரலும் தையலுக்குக் குறுக்கே, கட்டைவிரல் அடியில். பந்து நேராகப் போகும். வளைக்கிற பந்தெல்லாம் அடுத்த செமஸ்டருக்கு.

கையைக் காப்பாற்றுவது அதைவிட முக்கியம். அமெரிக்காவில் 19 முதல் 22 வயதுக்காரர்களுக்குச் சொல்லும் வழிகாட்டுதலில் ஒரு நாளைக்கு உச்சவரம்பு 120 பந்து. 30-க்குள் என்றால் மறுநாளும் வீசலாம், 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, அதற்கு மேல் ஓய்வும் கூடிக்கொண்டே போகும். அது சின்ன வயதிலிருந்து எறிந்து வளர்ந்த கைகளுக்கு. ஆறு மாதம் முன்பு தொடங்கிய கைக்கு 60 பந்தே அதிகம். நம் ஊர்ப் போட்டிகள் அடுத்தடுத்த நாளில் வைக்கப்படும் என்பதால் ஒரே பிட்ச்சரை நம்பினால் இரண்டாம் நாளே அணி படுத்துவிடும். மூன்று நாலு பேர் வேண்டும் என்றது இதனால்தான்.

கல்லூரி மைதானத்தில் மவுண்ட், அதாவது பிட்ச்சர் நின்று எறியும் மண்மேடு, இருக்காது. நிஜ மவுண்ட் 10 அங்குல உயரம், முன்னால் அடிக்கு ஓர் அங்குலம் இறங்கும். தட்டைத் தரையிலேயே பழகியவர் போட்டியில் முதல் தடவை மவுண்டில் ஏறினால் முன்னங்கால் எதிர்பார்த்ததைவிடத் தாழ்வாக விழும். பந்தை விடும் நேரம் தப்பும். தச்சரிடம் சொல்லி, எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்றைப் பின்பக்கம் 10 அங்குலம், முன்பக்கம் 2 அங்குலம் உயரத்தில் சட்டம் அடித்து வாங்குங்கள். 18 மி.மீ. கனம் வேண்டும், அடியில் குறுக்குச் சட்டம் நெருக்கமாக. மேலே பழைய ரப்பர் மேட் ஒட்டாவிட்டால் ஷூ வழுக்கும்.

களம் வரைவதில் எல்லோரும் சொதப்புவார்கள். கையில் 50 மீட்டர் டேப் இரண்டு வேண்டும். நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளக்காதீர்கள். இழுத்தால் நீளும், நாற்கோணம் கோணிக்கொள்ளும். ஹோம் பிளேட்டின் கூர்முனை எங்கே என்று முடிவு செய்து ஆணி அடியுங்கள். அங்கிருந்து நேராக 38.80 மீட்டரில் இரண்டாவது பேஸின் நடுப்புள்ளி. இப்போது ஒரு டேப்பை ஹோமிலும் இன்னொன்றை இரண்டாவது பேஸிலும் பிடித்து, இரண்டிலும் 27.43 மீட்டர் சந்திக்கிற இடத்தை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று குறியுங்கள். அவை முதல், மூன்றாவது பேஸ்கள். பேஸாக வைக்கும் பை அந்தப் புள்ளிக்கு உள்பக்கமாக உட்கார வேண்டும். புள்ளி அதன் வெளிப்புறப் பின்மூலை. பிட்ச்சர் கால் வைத்து எறியும் பலகையின் முன்விளிம்பு, ஹோமின் கூர்முனையிலிருந்து 18.44 மீட்டர். பிளேட்டின் முன்விளிம்பிலிருந்து அளந்தால் 43 செ.மீ. கூடிவிடும், பிட்ச்சர் ஏன் எல்லாமே தாழ்வாக விழுகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

கோடு போட சுட்ட சுண்ணாம்பு வேண்டாம், சறுக்கி விழுகிறவர் கண்ணில் பட்டால் எரித்துவிடும். கோலமாவு போதும். மூட்டையாக வாங்கினால் மலிவு, வெள்ளையாகவும் தெரியும்.

ஹோமிலிருந்து இரண்டாவது பேஸ் நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது விதிப் புத்தகம். மாலை வெயில் பேட்டர் முதுகில் விழும். சென்னையில் இதற்கு இன்னொரு விளைவும் உண்டு: மதியத்துக்கு மேல் கடல்காற்று ரைட் ஃபீல்டிலிருந்து (வலப்பக்க வெளிக்களத்திலிருந்து) உள்ளே வீசும். உயரே போன பந்து தொங்கி, மூன்றாவது பேஸ் பக்கமாகத் திரும்பி வரும். வெளிக்களக்காரர்கள் நாலு அடி முன்னால் நிற்கலாம்.

ஹோமுக்குப் பின்னால் வலை இல்லை என்றால் பயிற்சி முழுக்கப் பந்து பொறுக்குவதிலேயே போகும். காசிமேட்டுப் பக்கம் கிடைக்கும் கெட்டியான நைலான் மீன்வலை நன்றாக வேலை செய்யும். பந்தின் விட்டம் ஏழரை செ.மீ.க்குள், ஆகவே வலைக்கண் 5 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. விறைப்பாகக் கட்டாமல் அடியில் ஒரு முழம் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டிய வலை பந்தைத் திருப்பி அடிக்கும். பைக்குகளை அந்தப் பக்கம் நிறுத்த விடாதீர்கள். கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்துக்கு மிரர் என்றால் தனி ஆசை.

சாமான் வாங்க நேரு ஸ்டேடியம் பக்கத்துப் பெரியமேடு. பதினைந்து பேர் அணிக்கு 12 க்ளவுஸ், ஒரு கேட்ச்சர் மிட் (கேட்ச்சருக்கான தடித்த க்ளவுஸ்), ஒரு கேட்ச்சர் செட், 24 தோல் பந்து, இரண்டு டஜன் டென்னிஸ் பந்து, இரண்டு பேட், ஐந்து ஹெல்மெட். ஐந்து எதற்கு என்றால், பேட்டர் ஒருவர், பேஸில் மூன்று பேர், அடுத்து ஆடக் காத்திருப்பவர் ஒருவர். க்ளவுஸ் வாங்கும்போது நடக்கும் தப்பு ஒன்றே ஒன்று: வலது கைக்காரருக்கு வலது கை க்ளவுஸ் வாங்கி வந்துவிடுவார்கள். எறிகிற கை சும்மா இருக்க வேண்டும், க்ளவுஸ் மற்ற கைக்கு. அட்டையில் ஆர்.எச்.டி. என்று இருந்தால் வலது கையால் எறிகிறவருக்கு, இடது கையில் மாட்டுவது. உள்களத்துக்கு 11½ அங்குலம், வெளிக்களத்துக்கு 12½ போதும். பேட் 33 அங்குலம், 30 அவுன்ஸ் அலுமினியம் ஒன்று, கொஞ்சம் சின்னதாக இன்னொன்று. மர பேட் அழகுதான், ஆனால் புதிதாகக் கற்கிறவர் கைப்பிடி ஓரத்திலேயே வாங்குவார்; வாரம் ஒன்று உடையும்.

அடிக்கப் பழக, பந்தை மேலே வைத்து அடிக்கும் டீ என்ற தாங்கியைக் கடையில் வாங்க வேண்டாம். பெயின்ட் வாளியில் சிமென்ட் ஊற்றி ஒன்றரை அங்குல பி.வி.சி. பைப்பை நட்டு, புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ரேடியேட்டர் ஹோஸை ஒரு சாண் வெட்டி மேலே செருகுங்கள். ரப்பர் மடங்கும், பேட் தப்பாகப் பட்டாலும் பைப் உடையாது.

கிரிக்கெட் பழக்கங்களில் கழற்ற வேண்டியவை சில. பேட்டோடு ஓடுவது. அடித்துவிட்டு ஓடலாமா வேண்டாமா என்று யோசிப்பது. பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். பேட்டைப் பின்னால் வீசுவது, அங்கே கேட்ச்சர் இருக்கிறார். முதல் பேஸைத் தாண்டி ஓடலாம், இரண்டாவதையும் மூன்றாவதையும் தாண்டினால் தொட்டு அவுட் செய்வார்கள். இதற்காகச் சறுக்கப் பழக வேண்டும். நம் செம்மண் தரையில் நேராகச் சறுக்கினால் தொடையில் தோல் இருக்காது. தார்ப்பாய் விரித்து, தண்ணீர் ஊற்றி, ஷூவைக் கழற்றிவிட்டுப் பழகுங்கள்.

கட்டாய ஓட்டத்தைப் புரியவைக்க ஒரே காட்சி போதும். முதல் பேஸில் ஒருவர். பந்து ஷார்ட்ஸ்டாப்புக்கு உருள்கிறது. பேட்டர் முதல் பேஸுக்கு வருவதால் அங்கே நின்றவர் இரண்டாவதுக்குப் போயே தீர வேண்டும். ஆகவே அவரைத் தொட வேண்டாம்; பந்தோடு இரண்டாவது பேஸை மிதித்தால் அவுட். அங்கிருந்து முதல் பேஸுக்கு எறிந்தால் இன்னொன்று. ஸ்கோர் நோட்டில் இதை 6-4-3 என்று எழுதுவார்கள்: ஷார்ட்ஸ்டாப் 6, இரண்டாவது பேஸ் 4, முதல் பேஸ் 3. ஆனால் புது அணி இரண்டாவது அவுட்டுக்கு ஆசைப்பட்டு முதலாவதையும் விட்டுவிடும். ஒன்றை உறுதியாக எடுங்கள்.

போட்டிக்குப் போனால் கேப்டன்கள் கூட்டத்தில் கேட்க வேண்டியவை: எத்தனை இன்னிங்ஸ், எத்தனை ரன் வித்தியாசத்தில் ஆட்டத்தை நிறுத்துவார்கள், பந்து வேலிக்கடியில் போனால் எத்தனை பேஸ். சாஃப்ட்பாலில் வெளியே போன தொடக்க ஆட்டக்காரர் ஒரு முறை திரும்பி வரலாம், பேஸ்பாலில் வெளியே போனால் போனதுதான். மாற்று ஆளை அவசரப்பட்டு இறக்கிவிட்டுப் பின்னால் கையைப் பிசையாதீர்கள்.

அக்டோபர் பாதியில் மழை தொடங்கிவிட்டால் மைதானம் டிசம்பர் வரை சேறுதான். அந்த மாதங்களில் க்ளவுஸ்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி ஸ்போர்ட்ஸ் ரூமில் போட்டால் ஜனவரியில் பச்சைப் பூஞ்சையோடு வெளியே வரும். ஈரத்தை நிழலில் காயவிட்டு, உள்ளே ஒரு பழைய பந்தை வைத்து, செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் படும் அலமாரியில் வையுங்கள். தேங்காய் எண்ணெயைக் கொட்டித் தேய்க்க வேண்டாம், தோல் கனத்துத் தொய்ந்துவிடும். துணியில் தொட்டு ஒரு பூச்சு போதும். வார் அறுந்திருந்தால் பெரியமேட்டுத் தோல் கடைகளில் அதே கனத்தில் வார் கிடைக்கும். அறுந்த துண்டை அளவுக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.